தேதி எழுதாத கட்டம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பதினாறு நிமிடத்துக்கு என் கைப்பேசி அடித்தது. நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். எதையும் குறித்து வைப்பது எனக்கு இளமையிலிருந்தே உள்ள பழக்கம். பேசியது ஓர் இளம்பெண்.

"வணக்கம், டயாலிசிஸ் சென்டர்லேருந்து பேசறேன். வேலாயுதம் ஐயா வீடுங்களா?"

"சொல்லும்மா."

"ஐயா வரலன்னு லிஸ்ட்ல மொத பேரா காட்டுது. எப்ப வருவாருன்னு தேதி எதுவும் போடல. இன்னிக்கு வருவாருங்களா?"

"வரமாட்டாரும்மா. அவர் தவறிப் பல வருஷம் ஆச்சு."

"சாரி அங்கிள். அப்ப லிஸ்ட்லேருந்து எடுத்துடவா?" என்று கேட்டாள்.

எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய காரணம் அல்ல அது. அந்த எண் வேலாயுதத்தின் வீட்டு எண்ணும் அல்ல, என்னுடையது. மையத்தின் முகப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் அந்த முகப்பில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, உட்கார்ந்தவன். இங்கே சொல்லப்போவது அந்த வருடங்களில் நான் செய்த மிகப் பெரிய தவறு.

நோயாளிகள் வாரம் மூன்று முறை வருவார்கள், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பார்கள், போவார்கள். இதெல்லாம் உங்களுக்கு முதல் வாரத்திலேயே பழகியிருக்கும். எனக்கு உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தவர் அப்போதிருந்த தலைமைத் தாதி. எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். நான் சேர்ந்த இரண்டாம் நாள், வந்தவர்களின் பெயருக்கு எதிரே அழகாக நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னா தம்பி, கையெழுத்துப் போட்டியா நடக்குது? வந்தவங்கள மெஷினு பாத்துக்கும். வராதவங்கதான் ஒன்னோட நோயாளி. அவங்களுக்குப் போன் போடு."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. வராதவர் வீட்டுக்கு அழைப்பேன். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அழைப்பேன். அங்கும் எடுக்காவிட்டால் வேன் ஓட்டுநர் சேகரை நேரில் அனுப்புவேன். பல நாள் அது வெட்டி வேலையாகத்தான் முடியும். ஆள் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது தூங்கிப் போயிருப்பார். சில நாள் குளியலறையில் விழுந்து கிடப்பார்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது நிர்வாகக் குழு முகப்புக்குக் கணினி வாங்கிப் போட்டது. அதே மாதம் எங்கள் பக்கத்துச் சமூகக் கல்லூரியில் மாலை நேரக் கணினி நிரலாக்க வகுப்பு தொடங்குவதாகப் பஸ் நிலையத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். செவ்வாய், வியாழன், ஏழரை முதல் ஒன்பதரை வரை. பதினாறு வகுப்புகள். முடிவில் அவரவர் வேலையிடத்துக்குப் பயன்படும் ஒரு நிரலை எழுதிக் காட்ட வேண்டும். நான் பெயர் கொடுத்தேன்.

வகுப்பில் பதினோரு பேர். எடுத்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு மலாய் ஆசிரியை. மலாய் வழக்கப்படி சிகு, அதாவது ஆசிரியர், என்று அழைப்போம். எனக்கு அடுத்த மூத்தவருக்கே என்னிலும் இருபது வயது குறைவு. என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் புவனா. இருபத்து நான்கு வயது. மலாக்காவின் குருபோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காலை ஷிப்டு முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வருவாள். அவள் வரும்போது மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டும்.

முதல் வாரமே என் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், அது கீபோர்டு லா. ஒரல் இல்ல. ஏன் இந்த இடி இடிக்கிறீங்க?"

"நான் டைப்ரைட்டர்ல பழகுனவன்மா."

"அதான் பாத்தேன். வரி முடிஞ்சதும் கைய வேற தள்றீங்க. ஒன்னும் நகராது அங்கிள்."

பேச்சு வாக்கில்தான் அவள் யார் மகள் என்று தெரிந்தது. செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து செவ்வாய், வியாழன், சனி காலை முறைக்கு வரும் வேலாயுதம் அவள் அப்பா. தாய் இல்லை. தோட்டத்து வீட்டில் அவர் தனியாக இருந்தார். அவள் வார இறுதியில் மட்டும் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவாள். வேலாயுதம் குறைவாகப் பேசுகிறவர். ஊசி குத்தும்போது மட்டும் கூரையைப் பார்ப்பார். "இந்தக் கோர்ஸ முடிச்சு ஆபீஸ் வேல கெடச்சா அப்பாவ டவுனுக்குக் கூட்டிட்டு வந்துருவேன் அங்கிள்" என்று புவனா ஒருநாள் சொன்னாள். அவள் மழையில் அத்தனை மைல் வந்ததற்குக் காரணம் அதுதான்.

இறுதி நிரலை இருவர் சேர்ந்து எழுதலாம் என்று சிகு அனுமதித்தார். நானும் புவனாவும் சேர்ந்தோம். மையத்துக்கு ஒரு பட்டியல் நிரல். என் வேலை, விதிகளைச் சொல்வது. அவள் வேலை, அதை எழுதுவது. எண்ணம் எளிமையானது. நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், முறை, வராததற்குக் காரணம், திரும்பி வரும் தேதி ஆகியவை ஓர் அட்டவணையில் இருக்கும். நிரல் காலையில் அதைப் படித்து, சொல்லாமல் வராதவர்களை மட்டும் தொலைபேசிப் பட்டியலில் போடும். சொல்லிவிட்டுப் போனவர்களை, அவர்கள் திரும்பும் தேதி வரை தொந்தரவு செய்யாது. அவர்கள் இடத்தைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும். என் வெட்டி வேலை பாதியாகும்.

ஒன்பதாம் வகுப்பில் சிக்கல் வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. சிலர் திரும்பும் தேதியைச் சொல்லாமல் போயிருந்தார்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறும் கட்டத்தைக் கண்டதும் நிரல் நின்றுபோனது. திரையில் சிவப்பு எழுத்து. மறுபடி ஓட்டினோம், மறுபடி நின்றது. சிகு வந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிரல் நின்றால் கோபப்படாதீர்கள், அது உங்களிடம் ஏதோ கேட்கிறது, பதிலை யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மணி ஒன்பது இருபது. புவனாவுக்கு மறுநாள் காலை ஷிப்டு. எனக்குப் பசி.

"அங்கிள், தேதி இல்லன்னா என்னா பண்ணட்டும்? போன் லிஸ்ட்ல போடவா, இல்ல விட்டுடவா?"

"விட்டுடும்மா. அவங்கதான் சொல்லிட்டுப் போயிருக்காங்களே. வந்தா வரப்போறாங்க."

"கன்ஃபர்மா?"

"கன்ஃபர்ம் லா. போடு."

அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள். தேதி வெறுமையாக இருந்தால் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்ததற்குப் போ என்பது அதன் பொருள். நிரல் ஓடியது. இருவரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: "ஒன்பதாம் வகுப்பு. வெற்றுக் கட்டச் சிக்கலைப் புவனா தீர்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்." அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கட்டும் என்று, சிகுவிடம் கொடுக்க வேண்டிய அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். அப்போது அது பாராட்டு.

அடுத்த திங்கட்கிழமை மையத்தில் நிரலைச் சோதனைக்கு விட்டேன். அட்டவணையைச் சேகரின் கைப்பேசியிலும் திறந்து கொடுத்தேன். நோயாளிகள் வேனில் ஏதாவது சொன்னால் அவனே அதில் போட்டுவிடலாம். முன்பெல்லாம் அவன் முகப்புக்கு வந்து, "அண்ணே, இன்னார் நாளைக்கு வரலயாம்" என்பான். "எப்ப வருவாராம்?" என்று நான் கேட்பேன். அந்தக் கேள்வி இனித் தேவையில்லாமல் போனது. நேரம் மிச்சமாகிறது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் தோட்டத்துக் கோயில் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. வேலாயுதத்தின் தோட்டத்தில் அம்மனுக்கு வருடா வருடம் தீமிதித் திருவிழா. ஒரு ஞாயிறு மாலை காப்புக் கட்டுவார்கள், அடுத்த ஞாயிறு தீமிதி. மஞ்சள் நூலைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் காப்பு அவிழ்க்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. வேலாயுதம் தீ மிதிக்க மாட்டார், ஆனால் மனைவி இறந்த வருடத்திலிருந்து காப்புக் கட்டிக்கொள்வார். இரத்தச் சுத்திகரிப்பு நோயாளி ஒரு வாரம் எல்லை தாண்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். திருவிழா வாரத்தில் அவர் முதல் முறை வராத அன்றே நான் அழைப்பேன். அவர் முனகுவார். போனை மிஸ்ஸியிடம் கொடுப்பேன். "ஒங்க ஆத்தாவே வந்து சொன்னாலும் எனக்குத் தெரியாது, வேன் வருது, ஏறி வாங்க" என்று அவர் சத்தம் போடுவார். வேலாயுதம் பூசாரியிடம் போய் நிற்பார். பூசாரி அவர் நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து, "ஆஸ்பத்திரிதானே, போயிட்டு வா" என்பார். எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டே நான்கு மணி நேரம் படுத்திருப்பார். ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. அவராக ஒரு வருடமும் வந்ததில்லை. யாராவது அழைக்க வேண்டும். திட்டு விழ வேண்டும். அப்போதுதான் பூசாரியிடம் போய்க் கேட்க அவருக்குத் தைரியம் வரும்.

அந்த வருடம் திருவிழா, நிரல் சோதனைக்கு வந்த மூன்றாம் வாரம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என் நாட்குறிப்பில் "தோட்டத்துக் கோயில், காப்புக் கட்டு" என்று இருக்கிறது. மாதத் தொடக்கத்திலேயே எழுதியது. என் கையெழுத்துத்தான்.

திங்கட்கிழமை அவர் சேகரிடம் போனில் சொல்லியிருக்கிறார், நாளைக்கு வேன் வேண்டாம், காப்பு அவிழ்த்ததும் வருகிறேன் என்று. சேகர் அட்டவணையில் காரணம் என்ற இடத்தில் "கோயில்" என்று போட்டான். தேதி அவனுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நிரல் அவர் பெயரைத் தாண்டிப் போனது. இயந்திரம் காலியாக இருந்திருந்தால் மிஸ்ஸி கேட்டிருப்பார். ஆனால் நிரல் அந்த இடத்தைக் காத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. நான் நான்கே பேருக்குத் தொலைபேசி செய்துவிட்டு, எட்டு மணிக்குக் காப்பி குடித்தேன்.

வியாழக்கிழமை மாலை வகுப்பில் புவனா வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அங்கிள், அப்பா இந்த வாரம் வந்தாரா? போன்ல கேட்டா 'நல்லாருக்கேன்'னு மட்டும் சொல்றாரு. திருவிழா டைம்ல அவரு பொய் சொல்வாரு. நீங்க சொல்லுங்க."

காலையில் வந்த பட்டியல் என் கைப்பேசியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வராதவர்கள் என்று ஐந்து பெயர்கள். வேலாயுதம் இல்லை.

"லிஸ்ட்ல இல்லம்மா. வந்துருப்பாரு."

"அப்பாடா" என்றாள். "சனிக்கெழம ஓவர்டைம் இருக்கு. வீட்டுக்குப் போகணுமோன்னு பயந்துட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழம தீமிதிக்குப் போறேன்."

அன்று நாங்கள் எழுத்துருவின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். எல்லாம் முடிந்துவிட்டது, அழகுபடுத்துவது மட்டும்தான் பாக்கி என்று நான் சொன்னதாக நாட்குறிப்பில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தோட்டத்துக்குப் போனபோது, வேலாயுதம் கோயில் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூச்சு மேலே மேலே வாங்கியது. பக்கத்தில் வெட்டிய இளநீர் கிடந்தது. பொட்டாசியம் நிறைந்த இளநீரை அவர் தொடவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவருடைய காரில் ஏற்றி மலாக்காவுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவள், "எத்தன வாட்டிப்பா போகல?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று விரலைக் காட்டியிருக்கிறார். பிறகு சொல்லியிருக்கிறார்: "இந்த வருஷம் யாரும் போன் பண்ணல. சரி, பரவால்ல போலன்னு இருந்துட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மருத்துவமனையில் இறந்தார். காப்பு கையிலேயே இருந்தது.

யாரும் போன் பண்ணவில்லை என்ற அந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னவள் புவனாதான், மறுநாள் சாவு வீட்டில். நான் அந்தப் பட்டியலைப் பார்த்து அவர் வந்திருப்பார் என்று முடிவு செய்தேன். அவர் அழைப்பு வராததைப் பார்த்துப் பரவாயில்லை என்று முடிவு செய்தார். இரண்டு பேரும் இல்லாத ஒன்றைப் பார்த்து, எங்களுக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டோம்.

அவள் வாசல் தகரக் கூரைக்குக் கீழே என் எதிரில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"சேகர் அண்ணன் சொன்னாரு, தேதி போடலன்னு. அந்த வரி எனக்குத் தெரியும் அங்கிள். நான்தானே அடிச்சேன்."

எனக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'விட்டுடச் சொன்னது நான்தானம்மா' என்று சொல்ல வேண்டிய நேரம் அது. ஐந்தே வார்த்தைக்குள் முடிந்திருக்கும். நான் அவள் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கம்மா" என்றேன். அவள் தலையசைத்தாள். ஆறுதல் சொன்ன பெரியவராக அங்கிருந்து வீடு திரும்பினேன்.

புதன்கிழமை மாலை நிர்வாகக் குழு கூடியது. தலைவர் கெட்டவர் அல்ல. மையத்துக்காகக் கடை கடையாக ஏறி நன்கொடை கேட்டவர். ஆனால் பயந்துபோயிருந்தார். என் வகுப்பு அறிக்கையின் நகல் அவர் கையில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் பெருமையோடு நானே கொடுத்தது.

"கிராணி, இதுல எழுதியிருக்கு. 'வெற்றுத் தேதிச் சிக்கல், தீர்த்தவர் புவனேஸ்வரி.' செத்தவரு மகளேதான் எழுதுனது. நாம என்ன செய்ய முடியும்? இத வெளிய விட்டா அந்தப் புள்ளைக்குத்தான் அசிங்கம். 'நோயாளி சமய காரணத்தால் தாமாக வரவில்லை'ன்னு எழுதி மூடிடுவோம். அந்தப் புள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மேசையில் இருந்த எழுத்துகள் எல்லாம் அவருக்குச் சாட்சி. நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினாலும் அதுவும் அப்படித்தான் சொல்லும். உண்மை எந்தத் தாளிலும் இல்லை. என் வாயில் மட்டும் இருந்தது. நான் அந்தக் குறிப்பின் கீழ் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

வெளியே வாகன நிறுத்துமிடத்தில் மிஸ்ஸி தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு நம்ம செண்டரு விதியெல்லாம் எப்பிடித் தெரியும்?"

நான் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

"அது ஒரு நாளு கூட முகப்புல ஒக்காந்தது இல்லயே. யாருக்குப் போன் போடணும், யாருக்கு வேணாம்னு அதுவாவா முடிவு பண்ணுச்சு?"

"நான்தான் மிஸ்ஸி சொன்னேன்."

"தெரியும். என்கிட்ட சொல்லி என்னா பண்றது?" என்று காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. காலையில் வழக்கம்போல "பசியாறியாச்சா?" என்று கேட்பார். அதுதான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகும் நாட்கள் போயின. இரண்டு முறை புவனாவின் எண்ணை எடுத்து, அழைக்காமல் வைத்தேன். துக்கத்தில் இருக்கிற பெண்ணை ஏன் மேலும் குழப்ப வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் நிறையப் படித்தவன். அதனால் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் காரணங்கள் நல்ல வாக்கியங்களாக இருக்கும். அவற்றை நம்பிவிடுவது எளிது. மையத்தில் நிரலை நிறுத்தி வைத்து, பழையபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதி எல்லோருக்கும் அழைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வகுப்புகள் முடிந்திருந்தன; நிரலைக் காட்ட சிகு எங்கள் இருவருக்கும் தவணை கொடுத்து, தன் அடுத்த குழுவின் வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்த வகுப்பு. புவனா வரமாட்டாள் என்று நினைத்தேன். ஏழு இருபத்தைந்துக்கு வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து, கணினியைத் திறந்து, அந்த வரியைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"புவனா, அந்த வரிய எழுதுனது நீ. எழுதச் சொன்னது நான். போன் லிஸ்ட்ல போடவா, விட்டுடவான்னு நீ கேட்ட. விட்டுடுன்னு நான் சொன்னேன். கன்ஃபர்மான்னு மறுபடியும் கேட்ட. கன்ஃபர்ம்னேன்."

அவள் திரும்பவில்லை.

"ரிப்போர்ட்ல ஒம்பேர போட்டது தப்பு. கமிட்டில அதப் படிச்சாங்க. நான் ஒன்னும் பேசல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கு அங்கிள்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நான் கேட்டது, நீங்க சொன்னது, எல்லாம். சாவு வீட்டுல நீங்களா சொல்வீங்கன்னுதான் நான் அப்படிச் சொன்னேன்."

சிகு முன்வரிசையில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே யாரோ சிரித்தார்கள்.

"பதினேழு நாளு ஆச்சு. ஒங்களுக்குத்தான் நாள் கணக்கெல்லாம் தெரியுமே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விசைப்பலகைப் பக்கம் திரும்பி அந்த வரியை அழித்தாள். அதே இடத்தில் வேறொன்று எழுதினாள். தேதி வெறுமையாக இருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், அந்தப் பெயரைப் பட்டியலின் மேலே, சிவப்பில் காட்டு; அவர் இடத்தை யாருக்கும் கொடுக்காதே. பிறகு அட்டவணையைத் திறந்து முதல் வரிசையில் தட்டினாள். பெயர், வேலாயுதம். காரணம், கோயில். எந்த நாற்காலியும் முடங்காதபடி முறையைப் போடவில்லை; திரும்பி வரும் தேதி என்ற கட்டத்தை அப்படியே விட்டாள். தொலைபேசி எண் கட்டத்தில் என் எண்ணை, யாரையும் கேட்காமல், நினைவிலிருந்து போட்டாள்.

நிரலை ஓட்டினாள். அவர் பெயர் மேலே வந்தது.

"இது ஒவ்வொரு நாளும் வரணும்" என்றாள். "வரலன்னா லிஸ்ட் தப்பு. வேற யாரோ ஒருத்தர் பேரும் வராம போயிருக்கும்னு அர்த்தம். அப்பா எங்கன்னு யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா, நீங்க பதில் சொல்லுங்க."

சிகுவிடம் நிரலைக் காட்டிவிட்டு, ஒன்பதரைக்கு முன்பே கிளம்பிவிட்டாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அலுவலக வேலையும் கிடைத்தது. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். என்னை அவள் மறுபடி அழைத்ததில்லை. நானும் அழைக்கவில்லை.

மறுநாள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முடிவு என்னுடையது, அறிக்கையில் நான் எழுதியது தவறு, நான் கையெழுத்திட்ட குறிப்பும் தவறு என்று. அதை அந்தக் குறிப்போடு சேர்த்துக் கோப்பில் வைக்கச் சொன்னேன். தலைவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன், நீக்கவில்லை. கோப்பு இப்போதும் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் படித்துப் பாருங்கள். நாட்குறிப்பில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பக்கத்தை நான் திருத்தவில்லை. பாராட்டு என்று நினைத்து ஒரு பொய்யை எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

நிரலை மறுபடி முகப்பில் வைக்கலாமா என்று குழுவில் இரண்டு கூட்டம் பேசினார்கள். வைக்கச் சொன்னவர் மிஸ்ஸி. "இப்பதான் அது ஒழுங்காக் கேக்குது" என்றார். ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் அந்த முதல் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பெயர்களுக்குப் போவேன். எனக்குப் பின் வந்தவருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவரும் பெயரைப் பார்ப்பார், அழைக்க மாட்டார். அவர் வேறு ஊருக்குப் போனபோது உங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார்.

தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. நீ தவறு எதுவும் செய்யவில்லை. தேதி இல்லாத பெயரைப் பார்த்தாய், அழைத்தாய், எப்போது வருவார் என்று கேட்டாய். அந்த வாரத்தில் நான் அதைச் செய்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

பெயரை எடுக்காதீர்கள். எண்ணையும் மாற்றாதீர்கள். உங்களுக்குப் பின் யாராவது வேலைக்குப் புதிதாக வந்தால், முதல் நாள் காலை அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஏழு மணியிலிருந்து கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருப்பேன். வேலாயுதம் ஏன் வரவில்லை என்று கேட்கட்டும். நான் சொல்கிறேன்.